கர்நாடகம் பிறந்த கதை

புஷ்ய பகுள பஞ்சமியை ஒட்டித் திருவையாற்றில் இரண்டு கச்சேரிகள் நடக்கும். ஒன்று காவேரிக் கரைப் பந்தலுக்குள், தியாகராஜர் சமாதிக்கு எதிரே. இன்னொன்று பந்தலுக்கு வெளியே, காபிக் கடை வாசலிலும் படித்துறையிலும். முதல் கச்சேரியை வானொலி ஒலிபரப்பியது, தொலைக்காட்சி காட்டியது, பத்திரிகைகள் படம் போட்டன. இரண்டாவது கச்சேரிக்கு மைக் கிடையாது. ஆனால் கூட்டத்துக்கு ஒருநாளும் குறைவில்லை. அங்கே பாடுகிறவர் யாருமில்லை, பாடினவர்களைப் பற்றிப் பேசுகிறவர்கள் மட்டும்தான்.

அந்தப் பேச்சு எப்படி இருக்கும் என்று தஞ்சாவூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டாம். மற்றவர்களுக்காக, 1921 வாக்கில் இரண்டு பெரியவர்கள் வெற்றிலைச் செல்லத்தை நடுவில் வைத்துக்கொண்டு பேசுவதாக வைத்துக்கொள்ளுங்கள்.

"என்ன ஓய், இன்னிக்கு அவருக்குச் சாரீரம் ஒத்துழைக்கலையே?"

"காந்தி சொன்னதை வெள்ளைக்காரனுக்கு எதிரா யார் செய்யறாளோ இல்லையோ, அவர் தொண்டை செய்யறது, ஸ்வாமி."

இதைச் சொன்னவரே மறுநாள் காலையில் அந்த வித்வானை நேரில் பார்த்தால் "பேஷ், நேத்திக்குத் தோடி அபாரம்" என்றுதான் சொல்வார். இரட்டை நாக்கு என்று நினைக்க வேண்டாம். அது அந்த ஊர் மரியாதை. பாட்டைப் பற்றிய தீர்ப்பு திண்ணைக்கு, புகழ்ச்சி முகத்துக்கு. தமிழில் சங்கீத விமர்சனம் என்று பிறகு ஒன்று பிறந்ததே, அது இந்தத் திண்ணைத் தீர்ப்பு அச்சேறிய கதைதான். அச்சேற்றியவர் டெல்டாவில் பிறந்த ஒரு நாவலாசிரியர். ஆனால் அப்போது அவர் பெரிய நாவல் எதையும் எழுதியிருக்கவில்லை.

திண்ணைக்காரர்களுக்கு அத்தனை ஞானம் எங்கிருந்து வந்தது? பள்ளிக்கூடத்தில் யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. உமையாள்புரம், மகாராஜபுரம், செம்மங்குடி, கோனேரிராஜபுரம், திருவாவடுதுறை, திருவீழிமிழலை, செம்பொன்னார்கோவில், பாபநாசம் என்று வித்வான்களின் பெயருக்கு முன்னால் ஒட்டிக்கொண்டிருக்கும் ஊர்களை வரைபடத்தில் புள்ளி வைத்தால், காவேரியும் அதன் கிளைகளும் பாயும் நெல் வயல்களுக்கு நடுவேதான் பெரும்பாலான புள்ளிகள் விழும். நெல் விளைந்தால் கோவிலுக்கு உற்சவம். உற்சவம் என்றால் விடிய விடிய நாயனம். கல்யாணம் என்றால் நாலு மணி நேரம், ஐந்து மணி நேரம் பாட்டுக் கச்சேரி. கேட்கக் காசு வேண்டாம். மிராசுதார் கொடுத்துவிடுவார். உழவுக்குப் போகிறவரும் தெருக்கோடியில் நின்று மல்லாரி கேட்டு வளர்ந்தவர்தான். ராகத்தின் பெயர் தெரியாமல் இருக்கலாம். ஆனால் வாசிப்பு தடம் மாறினால் காது காட்டிக் கொடுத்துவிடும்.

ஆனால் காசு கொடுக்காதவனுக்குக் குறை சொல்ல உரிமை இல்லை என்பது ஒரு சங்கடம். மிராசுதார் வீட்டுக் கல்யாணத்தில் சாப்பிட்டுவிட்டுப் பாட்டு சரியில்லை என்று உரக்கச் சொன்னால் மிராசுதாரைச் சொன்ன மாதிரி. அதனால்தான் அந்த விமர்சனமெல்லாம் தணிந்த குரலில், எதிர்வீட்டுத் திண்ணையோடு நின்றது.

அச்சில் சங்கீதமே இல்லை என்று சொல்ல முடியாது. தஞ்சாவூரிலேயே ஆபிரகாம் பண்டிதர் 1912 முதல் சங்கீத மாநாடுகள் கூட்டி வித்வான்களையும் பண்டிதர்களையும் வாதம் செய்ய வைத்தார். 1917இல் ‘கருணாமிர்த சாகரம்’ என்ற மகா பெரிய நூலை வெளியிட்டார். சுருதிகள் எத்தனை என்ற கணக்கில் அவர் போட்ட சண்டை இன்றைக்கும் முடியவில்லை. சித்த வைத்தியம் பார்த்துச் சம்பாதித்ததை இசை ஆராய்ச்சியில் கொட்டிய மனிதர் அவர், அவருக்கு எத்தனை மரியாதை செய்தாலும் தகும். ஆனால் அது பண்டிதர்களுக்கான நூல். நேற்று ராத்திரி நடந்த கச்சேரி நன்றாக இருந்ததா, இல்லையா, கேட்டவன் தூங்கினானா, விழித்திருந்தானா? இதை எழுத ஆள் இல்லை. பாட்டைப் பற்றித் தமிழில் அச்சானவற்றில் பெரும்பகுதி இலக்கணம், மிச்சம் புகழ்மாலை.

அந்த ஆளாக வந்தவர்தான் முன்னே சொன்ன நாவலாசிரியர், ரா. கிருஷ்ணமூர்த்தி. 1899 செப்டம்பர் 9 அன்று மாயவரத்துக்கு வடக்கே மணல்மேட்டை அடுத்த புத்தமங்கலத்தில் பிறந்தார். அப்பா ராமசாமி ஐயர் கிராமத்துக் கணக்குப்பிள்ளை. மாயவரத்தில் கொஞ்சம் படித்துவிட்டுத் திருச்சி தேசிய உயர்நிலைப் பள்ளிக்குப் போனார். 1921இல், பரீட்சை நெருங்கிய நேரத்தில், காந்தி சொன்னார் என்று பள்ளிக்கூடத்தை விட்டார். 1922இல் ஒரு வருஷம் சிறை. வெளியே வந்து, 1923இல் சென்னையில் திரு.வி.க.வின் ‘நவசக்தி’யில் உதவி ஆசிரியர். பிறகு திருச்செங்கோடு காந்தி ஆசிரமத்தில் ராஜாஜியோடு சேர்ந்து மதுவிலக்குக்காக ‘விமோசனம்’ என்ற பத்திரிகை. கள்ளுக்கடைக்கு எதிராகப் பத்திரிகை நடத்துகிறவனிடம் நகைச்சுவையை யார் எதிர்பார்ப்பார்கள்? ஆனால் அங்கேயும் சிரிப்புக் காட்டித்தான் குடியை விடச் சொன்னார்.

இதே சமயத்தில் சென்னையில் இன்னொரு தஞ்சாவூர் ஜில்லாக்காரர், திருத்துறைப்பூண்டி சீனிவாசன், பத்திரிகைத் தொழிலில் இறங்கியிருந்தார். பூதூர் வைத்தியநாதையர் 1926இல் தொடங்கிய ‘ஆனந்த விகடன்’ தள்ளாடியபோது 1928இல் அதை அவர் வாங்கினார். பெயரில் எட்டு எழுத்து, எழுத்துக்கு 25 ரூபாய், ஆக 200 ரூபாய் என்று அந்த வியாபாரத்தைப் பற்றிச் சொல்வார்கள். பின்னாளில் ஜெமினி வாசன் ஆனவர் இவர்தான். நவசக்தியில் இருந்துகொண்டே கிருஷ்ணமூர்த்தி விகடனுக்கு ‘ஏட்டிக்குப் போட்டி’ என்ற வேடிக்கைக் கட்டுரையை எழுதிக் கொடுத்தார். வாசனுக்குப் பிடித்துப்போயிற்று. மதுவிலக்கு, மறுபடி ஒரு சிறைவாசம் எல்லாம் முடிந்து 1931இல் கிருஷ்ணமூர்த்தி விகடன் ஆசிரியர் குழுவுக்கே வந்து சேர்ந்தார். திருத்துறைப்பூண்டியும் மணல்மேடும் சென்னையில் ஒரே மேஜையில் உட்கார்ந்தன.

அப்போது சென்னையில் வேறொரு மாறுதலும் நடந்துகொண்டிருந்தது. 1927 டிசம்பரில் அங்கே கூடிய காங்கிரஸ் மகாசபையை ஒட்டி ஒரு சங்கீத மாநாடு நடந்தது. அதிலிருந்து 1928இல் மியூசிக் அகாடமி கிளைத்தது. மயிலாப்பூர், எழும்பூர், தியாகராய நகர் என்று சபாக்கள் பெருகின. கோவில் உற்சவமும் கல்யாணப் பந்தலுமாக இருந்த கச்சேரி, டிக்கெட் வாங்கி உட்காரும் ஹாலுக்குள் போனது. என் கணக்கில் தமிழ் இசை விமர்சனத்தின் உண்மையான தாய் இந்த டிக்கெட்தான். மிராசுதார் வீட்டுத் திண்ணையில் வாயை மூடிக்கொண்டிருந்த அதே மனிதர் சென்னையில் உத்தியோகம் பார்க்கப் போய், சொந்தக் காசைக் கொடுத்து நாற்காலியில் உட்கார்ந்ததும், அவருக்கு வாய் திறக்க ஒரு பாத்தியதை வந்துவிட்டது. திறப்பதற்கு ஒரு பத்திரிகைதான் பாக்கி.

விகடனில் ‘ஆடல் பாடல்’ என்ற பகுதி வரத் தொடங்கியது. எழுதியவர் பெயர் ‘கர்நாடகம்’. கிருஷ்ணமூர்த்தி ‘கல்கி’ என்ற பெயரில் ஏற்கெனவே எழுதிக்கொண்டிருந்தார். ரா. கி., தமிழ்த்தேனீ என்று வேறு பெயர்களும் உண்டு. பாட்டைப் பற்றி எழுத மட்டும் கர்நாடகம். பழைய பஞ்சாங்கப் பேர்வழியை ‘சுத்தக் கர்நாடகம்’ என்று கிண்டல் செய்கிற காலம் அது. கிண்டல் செய்யப்போகிறவர் முதலில் தன்னைத்தானே கிண்டல் செய்துகொண்டு உள்ளே நுழைந்தார். நான் ஒன்றும் அறியாத பழைய ஆசாமி, காதில் விழுந்ததைச் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள் என்கிற பாவனை. திண்ணைக்காரர்களின் பாவனையும் இதுவேதான்.

பெரிய ஊர்களில் இதற்கு முன்னுதாரணம் இல்லாமல் இல்லை. லண்டனில் ‘ஸ்டார்’ என்ற மாலைப் பத்திரிகையில் 1889, 1890 ஆண்டுகளில் ஒருவர் ‘கார்னோ டி பாஸெட்டோ’ என்ற ஊதுகுழல் வாத்தியத்தின் பெயரில் ஒளிந்துகொண்டு கச்சேரி விமர்சனம் எழுதினார். விற்காத ஐந்து நாவல்களை எழுதி முடித்திருந்த பெர்னார்ட் ஷாதான் அவர். நாடகாசிரியராக அவர் பெயர் எடுத்தது பிறகுதான். கல்கிக்கு இது தெரிந்திருந்ததா என்பதைவிட, இருவரும் ஒரே தந்திரத்தைக் கையாண்டார்கள் என்பதுதான் எனக்குச் சுவாரஸ்யம். ராக லட்சணத்தை ஓரமாக வைத்துவிட்டு, ஹாலில் உட்கார்ந்திருந்த ஒரு சாதாரண மனிதனுக்கு அன்று ராத்திரி என்ன நேர்ந்தது என்று எழுதுவது.

கர்நாடகம் எழுதியதைச் சங்கீதம் தெரிந்தவர்கள் படித்தார்கள், திட்டினார்கள். தெரியாதவர்கள் படித்தார்கள், சிரித்தார்கள், பிறகு கச்சேரிக்குப் போனார்கள். இந்த மூன்றாவது காரியம்தான் முக்கியம். பல்லவி, நிரவல், தனி ஆவர்த்தனம் என்று கேட்டதும் பயந்து ஒதுங்கிய வாசகனுக்கு, அவையெல்லாம் மனிதர்கள் செய்கிற வேலைதான், அலுத்தால் அலுக்கிறது என்று சொல்லிவிடலாம் என்ற தைரியம் கிடைத்தது. வித்வான்கள் பாடும்போது முகத்தையும் கையையும் என்னென்ன பாடு படுத்துகிறார்கள் என்பதை ஓவியர் மாலி கோடுகளில் பிடித்துப் போட்டார். (புல்லாங்குழல் மாலி வேறு. இரண்டு பேருக்கும் மகாலிங்கம் என்றே பெயர், குழப்பத்துக்கு நான் பொறுப்பல்ல.) கல்கியின் எழுத்தும் மாலியின் கோடும் சேர்ந்ததில், மேடையில் உட்காரும் வித்வானுக்கு முதன்முதலாகத் தமிழ்நாட்டில் ஒரு கண்ணாடி கிடைத்தது. கண்ணாடியை யாரும் விரும்புவதில்லை. மாலியின் படத்தில் தன் முகம் வரவில்லையே என்று வருத்தப்பட்டவர்களும் இருந்திருப்பார்கள் என்று நான் நினைக்கிறேன். கலைஞர்களின் மனசு அப்படிப்பட்டது.

கேலி பாட்டோடு நிற்கவில்லை. 1935இல் ‘பக்த நந்தனார்’ என்ற பேசும்படம் வந்தது. கே.பி. சுந்தராம்பாளுக்கு நந்தன் வேஷம், சம்பளம் ஒரு லட்ச ரூபாய் என்று ஊரெல்லாம் பேச்சு. வேதியராக மகாராஜபுரம் விசுவநாதய்யர். கும்பகோணம் பக்கத்து ஜனங்களுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? கல்கி படத்தைப் பார்த்துவிட்டு, அதில் மனிதர்களைவிட மரமும் மாடும் நன்றாக நடித்திருக்கின்றன என்ற தோரணையில் எழுதிவிட்டார். ஒரு லட்ச ரூபாய் விளம்பரத்தை ஓர் எருமை முட்டித் தள்ளியது. எண்பது தொண்ணூறு வருஷம் கழித்தும் அந்தப் படத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் இந்த விமர்சனத்தைச் சொல்லாமல் விடுவதில்லை. படத்தைப் பார்த்தவர்களோ இன்று அநேகமாக யாரும் இல்லை. விமர்சகனின் வெற்றி என்று இதைச் சொல்லலாமா, அநியாயம் என்று சொல்லலாமா? எனக்கு இரண்டும்தான் தோன்றுகிறது. சுந்தராம்பாளின் குரலுக்குக் கல்கியே ரசிகர்தான். அது வேறு விஷயம்.

நகைச்சுவை வாக்கியங்களுக்கு ஒரு விதி உண்டு. நன்றாக இருந்தால் அவை ஊர் சுற்றும், சுற்றச் சுற்ற ஆள் மாறும். ஜெர்மன் இசையமைப்பாளர் வாக்னரைப் பற்றி, அமெரிக்க நாவலாசிரியர் மார்க் ட்வெயின் பேரில் உலகமெல்லாம் புழங்குகிற நக்கல் ஒன்று உண்டு. அது உண்மையில் பில் நை என்ற வேறொரு அமெரிக்க நகைச்சுவைக்காரருடையது. ட்வெயின் தன் சுயசரிதையில் அவர் பெயரைச் சொல்லித்தான் எடுத்துக்காட்டியிருக்கிறார். உலகம் பில் நையை மறந்தது, வாக்கியத்தை ட்வெயினுக்கே பட்டா போட்டுக் கொடுத்தது. நம் பக்கத்தில் சங்கீதக் கிண்டல் எதுவானாலும் கொஞ்ச நாளில் கல்கி பேரிலோ, பிற்காலத்தில் சுப்புடு பேரிலோ சேர்ந்துவிடுகிறது. பாதி அவர்கள் சொல்லாதவையாகத்தான் இருக்க வேண்டும்.

ட்வெயினை இழுத்ததற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. அவர் 1891இல் ஜெர்மனியில் பைராய்த்துக்குப் போய் வாக்னர் உற்சவத்தைக் கேட்டுவிட்டு நீளமாக ஒரு கட்டுரை எழுதினார். ஒரு இசைக்காரரின் சமாதி இருக்கும் சின்ன ஊருக்கு உலகத்தின் மூலை முடுக்கிலிருந்தெல்லாம் ஜனங்கள் யாத்திரை வருவதும், இருட்டில் அசையாமல் மணிக்கணக்கில் உட்கார்ந்திருப்பதும் அவருக்கு அதிசயமாக இருந்தன. அவர் திருவையாற்றுக்கு வந்திருந்தால் யாத்திரை புரிந்திருக்கும். அசையாமை மட்டும் கிடைத்திருக்காது. இங்கே தலை ஆடும், கை தாளம் போடும், வாய் ‘ஆஹா’ என்னும், குழந்தை அழும்.

திருவையாற்றின் கதையே கேலிக்காரனுக்கு விருந்துதான். தியாகராஜர் 1847 ஜனவரி 6 அன்று சித்தியானார். சமாதி பல வருஷம் கவனிப்பாரற்றுக் கிடந்தது. 1903இல் உமையாள்புரம் கிருஷ்ண பாகவதரும் சுந்தர பாகவதரும் அதைத் தேடிப் பிடித்துச் செப்பனிட்டார்கள். வருஷா வருஷம் ஆராதனை என்று ஏற்பட்ட சில ஆண்டுகளில் பெரிய கட்சி, சின்ன கட்சி என்று இரண்டு பட்டது. ராமபக்தருக்கு அஞ்சலி செய்வதில் யார் முந்தி என்று சண்டை. இரண்டு கட்சிக்கும் ஒத்துப்போன விஷயம் ஒன்றே ஒன்று, பெண்கள் பாடக்கூடாது என்பது. பாடகி பெங்களூர் நாகரத்தினம்மாள் சமாதி இடத்தில் தன் காசில் 1921இல் திருப்பணி தொடங்கி, முடிந்ததும் குடமுழுக்கும் செய்து வைத்தார். கட்டின கோவிலில் பாட அவருக்கு இடம் இல்லை என்றார்கள். அவர் வழக்கமாக அழுகிற ரகம் அல்ல. 1927இல் சமாதிக்குப் பின்புறம் பெண்களைத் திரட்டித் தனியாகவே ஆராதனை நடத்தினார். ஆக மூன்றாவது கட்சி. மூன்று கட்சியும் ஒன்றாகி, தியாகப்பிரும்ம மகோத்சவ சபை என்று 1940இல் ஏற்பட்டது. எல்லோரும் சேர்ந்து பஞ்சரத்தினக் கீர்த்தனைகளைப் பாடும் வழக்கம் அதற்குப் பிறகு வந்ததுதான். இன்றைக்குப் பார்க்கிறவர்களுக்கு அது ஆதிகாலத்துச் சடங்கு போலத் தோன்றும். ஒரு பாட்டியின் வயதுதான் அதற்கு.

‘ஆடல் பாடல்’ என்ற தலைப்பில் ஆடலுக்கு முதலிடம் கொடுத்தது எதுகைக்காக மட்டும் இல்லை என்று நான் நம்புகிறேன். 1932 கடைசியில் சதிர் என்ற நாட்டியக் கச்சேரியை வைத்துக்கொள்ளலாமா, ஒழிக்க வேண்டுமா என்று டாக்டர் முத்துலட்சுமி ரெட்டிக்கும் வக்கீல் ஈ. கிருஷ்ணய்யருக்கும் பத்திரிகைகளில் பெரிய வாதம் நடந்தது. மரியாதைப்பட்ட குடும்பத்தார் சதிருக்குப் போனேன் என்று சொல்லத் தயங்கிய காலம். கல்கி போனார், எழுதினார், பாலசரஸ்வதியின் அபிநயத்தைக் கொண்டாடினார். பாலாவுக்கு நாட்டியம் கற்பித்த கந்தப்பப் பிள்ளை தஞ்சை நால்வர் வம்சம். பாட்டி வீணை தனம்மாளின் குடும்பமும் தஞ்சாவூர் வழிதான். கிண்டல்காரர் என்று பெயர் எடுத்தவர் கிண்டல் இல்லாமல் எழுதினால் அதற்கு எடை அதிகம். ஒரு வாரப் பத்திரிகையின் வாசகிகள் சமையலறையில் உட்கார்ந்துகொண்டு நாட்டியத்தைப் பற்றி நல்லதாகப் படித்தார்கள் என்பது சின்ன விஷயம் இல்லை. ருக்மிணி தேவி அடையாற்றில் முதன்முதலாக மேடையேறியது 1935 டிசம்பரில். அதற்கு முன்பே விகடன் வாசகர்களின் கண் பழகத் தொடங்கியிருந்தது.

கர்நாடகத்தின் ஓயாத முறையீடு ஒன்று உண்டு. பாடுகிறவருக்கும் புரியாத, கேட்கிறவருக்கும் புரியாத பாஷையில் பாட்டு எதற்கு? தியாகராஜரின் தெலுங்கை அவர் குறை சொல்லவில்லை. அந்தத் தெலுங்கை நம்மவர்கள் பாடும்போது படுத்தும் பாட்டைத்தான் சொன்னார். ஆரம்பத்தில் இது ஒரு வேடிக்கை. 1941இல் ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார் சிதம்பரத்தில் தமிழிசை மாநாடு கூட்டி, 1943இல் சென்னையில் தமிழ் இசைச் சங்கம் பிறந்தபோது, வேடிக்கை இயக்கமாகிவிட்டது. மியூசிக் அகாடமி ஒரு பக்கம், ராஜா சர் அண்ணாமலைச் செட்டியாரும் ரசிகமணி டி.கே.சி.யும் கல்கியும் இன்னொரு பக்கம். அந்தச் சண்டையில் எழுதியவை ‘சங்கீத யோகம்’ என்று புத்தகமாக வந்தன. வாதம் பலமானது, நியாயமும் பெரும்பாலும் அவர் பக்கம். ஆனால் பழைய விகடன் பக்கங்களின் குறும்பு அதில் குறைச்சல். கட்சி சேர்ந்தவனுக்குச் சிரிக்க நேரம் கிடைப்பதில்லை.

கட்சி என்றால் இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். 1941இல் விகடனை விட்டு வெளியேறி, சத்தியாக்கிரகம் செய்து மூன்று மாதம் சிறையில் இருந்துவிட்டு வந்து, ஆகஸ்ட் முதல் தேதி ‘கல்கி’ பத்திரிகையைத் தொடங்கினார். கூட்டாளி டி. சதாசிவம். மூலதனத்துக்கு வழி செய்தது சதாசிவத்தின் மனைவி எம்.எஸ். சுப்புலட்சுமி ‘சாவித்திரி’ படத்தில் நாரதராக நடித்து வாங்கிய சம்பளம். 1945இல் ‘மீரா’ படத்துக்காகக் கல்கி எழுதி எம்.எஸ். பாடிய ‘காற்றினிலே வரும் கீதம்’ தெரியாத தமிழர் இல்லை. எம்.எஸ்.ஸின் பாட்டைப் புகழ கல்கிக்குக் காரணம் தேட வேண்டியதில்லை, பாட்டே காரணம். ஆனாலும் திண்ணைக்காரர்கள் விடுவார்களா? பத்திரிகை முதலாளியம்மாளின் கச்சேரியைப் பத்திரிகை ஆசிரியர் விமர்சிக்கிறார் என்றால் வெற்றிலையை மெல்லுவது ஒரு கணம் நிற்கத்தான் செய்யும். டிக்கெட் வாங்கினவனின் பாத்தியதையில் எழுதத் தொடங்கியவர் மேடைக்குப் பின்புறம் போய்விட்டார். கர்நாடகம் என்ற பெயருக்கு அதன் பிறகு பழைய கூர்மை இல்லை என்பது என் அபிப்பிராயம். மறுப்பவர்கள் இருக்கிறார்கள்.

கேலியில் குறைந்தது கதையில் ஏறிவிட்டது. 1944 முதல் 1946 வரை ‘சிவகாமியின் சபதம்’ தொடராக வந்தது. நாட்டியக்காரி கதாநாயகி, சிற்பி தகப்பன், சபை, அரங்கேற்றம், அரசன். பத்து வருஷம் ஹாலின் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தவற்றையெல்லாம் பல்லவர் காலத்துக்குப் பட்டுடுத்தி அனுப்பினார். அதில் திருநாவுக்கரசரும் ஒரு பாத்திரம். காஞ்சியில் அவர் முன்னிலையில் அவருடைய பாட்டுக்கே சிவகாமி அபிநயம் பிடித்து மயங்கி விழுகிறாள். தமிழ்ப் பாட்டுக்கு அபிநயம் பிடிக்க முடியுமா என்று சபாக்களில் கேட்டவர்களுக்கு இதைவிட நீளமான பதிலை யாரும் கொடுத்ததில்லை.

தொடர் ஓடிக்கொண்டிருந்தபோதுதான் 1946 ஆராதனை. திருச்செங்காட்டாங்குடி தண்டபாணி தேசிகர், தேவாரம் பாடும் மரபில் வளர்ந்தவர். வாசன் 1942இல் எடுத்த ‘நந்தனார்’ படத்தில் நந்தனாராக நடித்துத் தமிழ்நாடு முழுக்கப் பேர் வாங்கியவர். அவர் தியாகராஜர் சன்னிதியில் விநாயகர் மேல் ஒரு தமிழ்ப் பாட்டைப் பாடினார். சன்னிதானத்துக்குத் தீட்டு வந்துவிட்டது என்ற பேச்சு அங்கே எழுந்தது. ஈரோட்டிலிருந்து வந்த ‘குடி அரசு’ இதழில் மு. கருணாநிதி என்ற இளைஞர் ‘தீட்டாயிடுத்து’ என்ற தலைப்பில் ஒரு கட்டுரை எழுதினார். தலைப்பிலேயே அக்கிரகாரப் பேச்சை எடுத்து வைத்து அடித்த அடி அது. கல்கியின் பள்ளிக்கூடத்துக்கும் ஈரோட்டுப் பள்ளிக்கூடத்துக்கும் வேறு எதிலும் ஒத்துப்போகாது. இந்த ஒரு விஷயத்தில் இரண்டும் ஒரே பக்கம் நின்றன.

திருவையாறு என்பது ஐயாறப்பர் ஊர். தியாகராஜர் பிறப்பதற்கு ஆயிரம் வருஷத்துக்கு மேல் முந்தி, கயிலைக்கு நடந்து தேய்ந்த அப்பர் கடைசியில் கயிலைக் காட்சி கண்டது இந்த ஊரில் என்று சைவர்கள் நம்புகிறார்கள். சம்பந்தரும் சுந்தரரும் இங்கே பாடியிருக்கிறார்கள். அந்த ஊரில், கோவிலுக்கு நடை தூரத்தில், தமிழ்ப் பாட்டுக்குத் தீட்டு. இதைக் கேட்டுச் சிரிக்கத் தெரியாதவனுக்கு நகைச்சுவைக் கட்டுரை எழுதி என்ன பிரயோஜனம்? பாட்டு நன்றாக இருந்ததா என்று அன்றைக்கு யாரும் கேட்கவில்லை என்பதுதான் எனக்கு ஆச்சரியம். திருவையாற்றில் டிக்கெட் கிடையாது, பாடுகிறவருக்குச் சம்பாவனையும் கிடையாது, எல்லாம் தியாகையருக்குக் காணிக்கை. அதனால் அங்கே ரசனையைப் பற்றிச் சண்டை வருவதில்லை, பாத்தியதையைப் பற்றித்தான் வரும். நாகரத்தினம்மாளுக்கு நேர்ந்ததும் அதுதான், தேசிகருக்கு நேர்ந்ததும் அதுதான்.

கல்கி 1954 டிசம்பர் 5 அன்று காலமானார். ‘பொன்னியின் செல்வன்’ அந்த வருஷம்தான் முடிந்திருந்தது. இசை விமர்சனத்தில் அவருக்குப் பிறகு பேர் சொன்னவர் சுப்புடு. பர்மாவிலிருந்து அகதியாக வந்து, டெல்லியில் சர்க்கார் உத்தியோகம் பார்த்துக்கொண்டே வித்வான்களைக் கதிகலங்க வைத்தவர். சுப்புடுவிடம் கத்தி கூர்மை. கல்கியிடம் கத்தி இருந்ததே முதலில் தெரியாது.

கல்கியின் நாவல்கள் நாட்டுடைமை ஆன பிறகு பதிப்புகள் பெருகிவிட்டன. தஞ்சாவூர்ப் பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் நின்று கேட்டாலே வந்தியத்தேவன் மலிவு விலையில் கிடைப்பான். ‘ஆடல் பாடல்’ பக்கங்கள் அப்படிக் கிடைப்பதில்லை. காரணம் எளிது. அந்தக் காலத்து வீடுகளில் பத்திரிகையிலிருந்து தொடர்கதைப் பக்கங்களை மட்டும் பிரித்தெடுத்துப் பைண்டு பண்ணி வைப்பார்கள். சிவகாமியும் குந்தவையும் மச்சில் பத்திரமாக ஏறினார்கள். கர்நாடகம் எழுதிய பக்கங்கள் மிச்சக் காகிதத்தோடு பழைய பேப்பர்க்காரரிடம் எடைக்குப் போய், மளிகைக் கடையில் துவரம்பருப்பு மடித்துக் கொடுக்கப் பயன்பட்டன.